ஈடாக்ஸ்ல 21 சதவீதம் ஆண்டிமனி, எக்ஸ்ஆர்டில 8 சதவீதம்: எதை நம்பறது?

கடலூர்லேர்ந்து ஒரு ரிசர்ச் ஸ்காலர் தம்பி கேட்ட கேள்வி இது: "அக்கா, எஃப்டிஓ கிளாஸ் மேல பிஸ்மத் ஆண்டிமனி அலாய் பிலிம் எலக்ட்ரோடெபாசிட் பண்றேன். நைட்ரிக் ஆசிட், டார்டாரிக் ஆசிட் பாத். தடிமன் அரை மைக்ரான் வரும்னு நினைக்கறேன். ஈடாக்ஸ்ல ஆண்டிமனி 21 அணு சதவீதம்னு வருது. எக்ஸ்ஆர்டில 012 பீக் 27.28 டிகிரில இருக்கு, வேகார்ட் ரூல் போட்டா 8 சதவீதம் தான் வருது. ஈடாக்ஸ் நம்பரையே பேப்பர்ல போடுனு சார் சொல்றார். எது சரி? பிலிம் சில நேரம் கருப்பா பவுடரா வருது, ஓரத்துல வெள்ளையா ஏதோ படியுது, அது என்ன?"

புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வரி: எலக்ட்ரோடெபாசிட்னா பாத்னு சொல்ற கரைசல்ல கரண்ட் பாய்ச்சி உலோகத்தை பிலிமா படிய வைக்கறது, எஃப்டிஓ கரண்ட் கடத்தற பூச்சு போட்ட கண்ணாடி. ஈடாக்ஸ் எலக்ட்ரான் பீம் அடிச்சு வெளிய வர்ற எக்ஸ்ரேயை வச்சு எந்த தனிமம் எவ்ளோன்னு சொல்லும். எக்ஸ்ஆர்டி எக்ஸ்ரே கிரிஸ்டல்ல பட்டு எந்தக் கோணத்துல பீக் தருதுனு பாத்து அணு இடைவெளியைச் சொல்லும், 012 மாதிரி நம்பர் எல்லாம் கிரிஸ்டல் தளத்தோட பேர். கலவை மாற மாற அந்த இடைவெளி நேர்கோட்டுல மாறும்ங்கறது தான் வேகார்ட் ரூல்.

தம்பி, நேரா விஷயத்துக்கு வரேன். உங்க 21 அநேகமா தப்பு, உங்க 8 கூட அப்படியே எடுத்துக்க முடியாது, ஆனா சரி பண்ணி எடுக்க முடியும். ரெண்டுல ஒண்ணு மேல தான் பந்தயம் கட்டணும்னா நான் எக்ஸ்ஆர்டி மேல கட்டுவேன், ஏன்னா உங்க கேள்வியிலேயே எஃப்டிஓன்னும் அரை மைக்ரான்னும் ரெண்டு வார்த்தை இருக்கு, அந்த ரெண்டும் சேந்தா ஈடாக்ஸ் ஆண்டிமனியை ஏத்தி தான் சொல்லும்.

சும்மா நம்பர் சண்டை தானேனு விட்டுட முடியாது இதை. பிஸ்மத் செமிமெட்டல், அதாவது எலக்ட்ரான் பேண்ட் ரெண்டு லேசா ஓவர்லாப் ஆகியிருக்கற பொருள், அதுல ஆண்டிமனி சேக்க சேக்க ஏறக்குறைய 4 சதவீதத்துல எல் பாயின்ட்ல இருக்கற ரெண்டு பேண்டும் இடம் மாறிக்கும், 7 சதவீதம் வாக்குல ஓவர்லாப் போய் செமிகண்டக்டர் ஆகும், 22 சதவீதம் கிட்ட திரும்ப செமிமெட்டல் ஆயிடும். உங்க 8 அந்த ஜன்னலோட இந்த ஓரம், 21 அந்த ஓரம். நடுவுல தான் கேப் அதிகம், அதுவும் அதிகபட்சமே 20, 30 மில்லி எலக்ட்ரான் வோல்ட் தான். ரூம் டெம்பரேச்சர்ல கேடி, அதாவது வெப்ப எனர்ஜி மட்டுமே 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அதனால கூல் பண்ணாம ஃபோர் ப்ரோப் வச்சு "செமிகண்டக்டர் ஆயிடுச்சு"னு எழுதினா ரெவ்யூவர் சும்மா விடமாட்டார். ஃபூ, கேன்னு ரெண்டு இயற்பியலாளர்கள் 2007ல இந்த அலாய் டோபாலஜிக்கல் இன்சுலேட்டரா, அதாவது உள்ள கடத்தாம மேற்பரப்புல மட்டும் கடத்தற பொருளா இருக்கும்னு சொன்னதும், 2008ல 10 சதவீதம் ஆண்டிமனி இருக்கற கிரிஸ்டல்ல ஃபோட்டோஎமிஷன்ல அதைக் காட்டினதும் இந்த ஜன்னலுக்குள்ள நடந்த கதை தான். 80 கெல்வின் பக்கம் நல்லா வேலை செய்யற என் டைப் தெர்மோஎலக்ட்ரிக்னு தேடினா முதல்ல வந்து நிக்கறதும் இதே அலாய் தான். ஆக காம்போசிஷன்ல 10 சதவீதம் தப்பினா பேப்பரோட கதையே மாறிடும்.

சரி, ஈடாக்ஸுக்கு வருவோம். எலக்ட்ரான் பீம் பிலிமோட நின்னுடும்னு நினைக்காதீங்க. 20 கிலோவோல்ட்ல பிஸ்மத்துக்குள்ள எலக்ட்ரான் ஒன்றரை மைக்ரானுக்கு மேலயே இறங்கும், கனயா ஒகயாமா ஃபார்முலா போட்டா 1.7 மைக்ரான் கிட்ட வரும். உங்க பிலிம் அரை மைக்ரான். அப்போ பீம் பிலிமைத் தாண்டி எஃப்டிஓவைத் தாண்டி கண்ணாடி வரைக்கும் போகுது. எஃப்டிஓன்னா டின் ஆக்சைடு, கண்ணாடி சோடா லைம், அதுல கால்சியம் இருக்கு. இப்ப எக்ஸ்ரே லைன் எல்லாம் எங்க இருக்குனு பாருங்க: ஆண்டிமனியோட எல் ஆல்ஃபா 3.60 கிலோ எலக்ட்ரான் வோல்ட், டின்னோட எல் பீட்டா 3.66, கால்சியத்தோட கே ஆல்ஃபா 3.69. டிடெக்டர் ரெசல்யூஷன் 130 எலக்ட்ரான் வோல்ட் சுமாருக்கு இருக்கும், இது மூணும் ஒரே மேடா தான் தெரியும். சாஃப்ட்வேர் தானா பிரிச்சுத் தரும்னு சொல்வாங்க, எலிமென்ட் லிஸ்ட்ல டின்னையும் கால்சியத்தையும் நீங்க டிக் பண்ணினா தான் அது பிரிக்கவே முயற்சி பண்ணும். நிறைய இடத்துல ஆபரேட்டர் "உங்க சாம்பிள்ல என்னென்ன இருக்கு"னு கேப்பார், நம்ம பசங்க "பிஸ்மத், ஆண்டிமனி சார்"னு சொல்வாங்க, அவர் அந்த ரெண்டை மட்டும் டிக் பண்ணி நூறு சதவீதத்துக்கு நார்மலைஸ் பண்ணி பிரிண்ட் குடுத்துடுவார். மேட்டர் முடிஞ்சது, டின்னும் கால்சியமும் ஆண்டிமனி கணக்குல ஏறிடும்.

இதைக் கண்டுபிடிக்க பெரிய வேலை இல்ல. பிலிமே போடாத வெறும் எஃப்டிஓ துண்டு ஒண்ணை எடுத்துட்டுப் போங்க, அதே கிலோவோல்ட்ல வச்சு, லிஸ்ட்ல பிஸ்மத்தும் ஆண்டிமனியும் மட்டும் குடுத்து எடுக்கச் சொல்லுங்க. ஆண்டிமனி துளிகூட இல்லாத கண்ணாடிலயும் ஆண்டிமனினு காட்டும். அந்த ஸ்பெக்ட்ரத்தை சார் டேபிள்ல வச்சுடுங்க, வாய்ப்பேச்சே வேணாம். அப்புறம் உங்க பிலிமை 10 கிலோவோல்ட்ல எடுங்க, அங்க பீம் அரை மைக்ரான் கிட்ட தான் இறங்கும், பிஸ்மத்தோட எம் லைன் 2.4ல, ஆண்டிமனி எல் லைன் 3.6ல, ரெண்டுக்கும் 10 கிலோவோல்ட் போதும். முடிஞ்சா பிலிமை ஒரு மைக்ரானுக்கு மேல தடிமனா போட்டு ஒரு தடவை எடுத்துப் பாருங்க, சதவீதம் தடிமனோட இறங்கிட்டே வந்தா திருடன் அடியில இருக்கான்னு அர்த்தம்.

இன்னும் உறுதியா வேணும்னா பிலிமைக் கரைச்சு ஐசிபி, அதாவது கரைசல்ல எந்த தனிமம் எவ்ளோன்னு அளக்கற முறை. எஃப்டிஓ நைட்ரிக் ஆசிட்ல கரையாது, அதனால டின் உள்ள வராது, இந்த விஷயத்துல எஃப்டிஓ நல்ல பிள்ளை. ஆனா ஒண்ணு, வெறும் நைட்ரிக் ஆசிட்ல ஆண்டிமனி வெள்ளை ஆக்சைடா மாறி அடியில தங்கிடும், கரைசல்ல பிஸ்மத் மட்டும் போகும், அப்போ நம்பர் எதிர்ப்பக்கம் தப்பாயிடும். கூடவே டார்டாரிக் ஆசிட் போட்டுக் கரைங்க, அது ஆண்டிமனியை காம்ப்ளெக்ஸா பிடிச்சு வச்சுக்கும்.

இப்ப எக்ஸ்ஆர்டி. இதுக்கு கிரிஸ்டல் ஸ்ட்ரக்சரை ஒரு தடவை மனசுல வாங்கிக்கணும். பிஸ்மத், ஆண்டிமனி ரெண்டுக்கும் ஒரே ஸ்ட்ரக்சர், ராம்போஹெட்ரல், ஏ7னு சொல்வாங்க, ஸ்பேஸ் குரூப் நம்பர் 166. சிம்பிள் கியூபிக்கை மூலைவிட்டத்துல லேசா இழுத்து, உள்ள இருக்கற ரெண்டாவது அணுவை நடுவுலேர்ந்து கொஞ்சம் நகத்தி வச்சா இது தான் கிடைக்கும். கியூபிக்கா இருந்தா ராம்போஹெட்ரல் கோணம் 60 டிகிரி, பிஸ்மத்துல 57.2, ஆண்டிமனில 57.1. அந்த சின்ன நகத்தல் தான் எல்லா கூத்துக்கும் காரணம், ஒவ்வொரு அணுவுக்கும் மூணு பக்கத்து வீட்டுக்காரங்க கிட்டயும் மூணு பேர் தள்ளியும் ஆயிடறாங்க, பிஸ்மத்துல 3.07 ஆங்ஸ்ட்ராம், 3.53 ஆங்ஸ்ட்ராம். கிட்ட இருக்கற மூணும் சேந்து ரெட்டை அடுக்கா ஒரு தகடு, தகடுக்கு மேல தகடு, அப்பளக் கட்டு மாதிரி. அதனால தான் பிஸ்மத் கிரிஸ்டலை அந்த தளத்துல பிளேடு வச்சா பளிச்னு பிளந்துக்கும். இந்த உருக்குலைவு பேண்டை முழுசா பிரிக்கற அளவுக்குப் போகல, கொஞ்சம் ஓவர்லாப் மிச்சம் இருக்கு, அதான் செமிமெட்டல்.

ஹெக்ஸகனல் செல்ல எழுதினா பிஸ்மத்துக்கு ஏ 4.546, சி 11.862 ஆங்ஸ்ட்ராம், ஆண்டிமனிக்கு ஏ 4.307, சி 11.273. ரெண்டும் எந்த விகிதத்துலயும் முழுசா கலக்கும், நடுவுல வேற காம்பவுண்டே கிடையாது. அதனால நல்ல அலாய் ஆச்சுன்னா ரெண்டு பீக் தனித்தனியா வராது, ஒரே பீக் ரெண்டுக்கும் நடுவுல நகந்து நிக்கும். உருக்கி ஊத்தி இந்த அலாய் பண்றவங்களைக் கேட்டுப்பாருங்க, பிஸ்மத் 271 டிகிரில உருகும், ஆண்டிமனி 630ல, குளிரும்போது ஆண்டிமனி முதல்ல உறைஞ்சு பிஸ்மத் பின்னாடி உறைஞ்சு ஒரே கட்டிக்குள்ள ஏற்ற இறக்கமா நிக்கும், அதை சமப்படுத்த வாரக்கணக்கா அனீல் பண்ணணும், அதாவது சூட்டுலயே வச்சிருக்கணும். நம்ம ரூம் டெம்பரேச்சர்ல அணு அணுவா படிய வைக்கறோம், அந்தத் தலைவலி நமக்குக் கிடையாது. எலக்ட்ரோடெபாசிஷனோட பெரிய லாபமே அது தான், விலை கம்மின்னு எல்லாரும் எழுதறது எல்லாம் எனக்கு ரெண்டாம் பட்சம்.

காப்பர் கே ஆல்ஃபால 012 பீக் பிஸ்மத்துக்கு 27.16, ஆண்டிமனிக்கு 28.68. மொத்த தூரமே ஒன்றரை டிகிரி. அப்போ 10 சதவீதம் ஆண்டிமனிக்கு 0.15 டிகிரி தான் நகரும். இங்க தான் உங்க 8 மேல எனக்கு சந்தேகம். சாம்பிள் ஹோல்டர்ல கண்ணாடித் துண்டை பிளாஸ்டிசின் வச்சு ஒட்டறீங்கல்ல, அது 0.2 மில்லிமீட்டர் உயரம் தப்பினா, கோனியோமீட்டர் ரேடியஸ் 150 மில்லிமீட்டர் இருக்கற மெஷின்ல பீக் 0.15 டிகிரி நகந்துடும். அதாவது பத்து சதவீத ஆண்டிமனி அளவுக்கு பிளாஸ்டிசினே பொய் சொல்லும்! சாம்பிள் கீழ உக்காந்தா பீக் கம்மி கோணத்துக்குப் போகும், ஆண்டிமனி கம்மியா தெரியும். மேல தூக்கி நின்னா அதிகமா தெரியும்.

நல்லவேளை, உங்க பேட்டர்ன்லயே ஸ்கேல் இருக்கு. எஃப்டிஓவோட 110 பீக் 26.6 கிட்ட வரும், உங்க 27.28க்கு பக்கத்துலயே. அதே பேட்ச் வெறும் எஃப்டிஓல கொஞ்சம் சிலிக்கான் பவுடர் தூவி ஒரு ஸ்கேன் எடுங்க, சிலிக்கான் 111 சரியா 28.44ல வரணும், அதை வச்சு உங்க எஃப்டிஓ பீக் உண்மையில எங்கனு ஒரு தடவை நிர்ணயம் பண்ணிக்கோங்க. அப்புறம் ஒவ்வொரு பிலிம் பேட்டர்னையும் எஃப்டிஓ பீக்கை அந்த இடத்துல வச்சு நகத்துங்க. உதாரணத்துக்கு உங்க பேட்டர்ன்ல எஃப்டிஓ பீக் இருக்க வேண்டிய இடத்துலேர்ந்து 0.1 டிகிரி கீழ இருந்தா, உங்க 27.28 உண்மையில 27.38, ஆண்டிமனி 8 இல்ல, 14, 15. நீங்க ஆசைப்பட்ட நடு ஜன்னல்லயே இருக்கீங்கனு கூட ஆகலாம்.

ஒரே பீக்கை வச்சு முடிவு பண்ணாதீங்க. 110 பீக் பிஸ்மத்துக்கு 39.62, அது பத்து சதவீதத்துக்கு 0.22 டிகிரி நகரும், 012ஐ விட நல்ல ரூலர். அதுலேர்ந்து நேரா ஏ கிடைக்கும், டி ஸ்பேசிங்கை ரெண்டால பெருக்கினா போதும். உங்க பிலிம் 8 சதவீதம்னா அது 39.80ல இருக்கணும், 21ன்னா 40.10. 104 பீக்கை மட்டும் தொடாதீங்க, பிஸ்மத் 104 வர்ற 37.9லயே எஃப்டிஓவோட 200 பீக்கும் வந்து உக்காரும், அதை வச்சு கிரிஸ்டல் எந்தப் பக்கம் பாத்து வளந்திருக்குனு சொல்ற டெக்ஸ்சர் கோஎஃபிஷியன்ட் போட்டு "104 பிரிஃபர்ட் ஓரியன்டேஷன்"னு எழுதின தீசிஸ் எல்லாம் இருக்கு, பாத்தா சிரிப்பு வரும். சி வேணும்னா 003 அல்லது 006, பிஸ்மத்துக்கு 22.5லயும் 45.9லயும். ஆனா டெபாசிட் ஆன பிலிம்ல ஓரியன்டேஷனைப் பொறுத்து அது ரெண்டும் காணாமயே போகலாம்.

பீக் அகலத்துக்கும் ஒரு வார்த்தை. 0.35 டிகிரி அகலம் இருந்தா அகலத்துலேர்ந்து கிரிஸ்டல் சைஸ் சொல்ற ஷெர்ரர் ஃபார்முலா போட்டு 23 நானோமீட்டர்னு எழுதிடுவாங்க. பிலிமோட அடிலேர்ந்து மேல வரைக்கும் ஆண்டிமனி பத்து சதவீதம் மாறியிருந்தா அதுவே 0.15 டிகிரி அகலம் குடுத்துடும். அகலம் எல்லாம் கிரிஸ்டல் சைஸ் இல்ல. பீக் ஒரு பக்கம் மட்டும் வால் நீட்டியிருந்தா முதல்ல காம்போசிஷன் மாற்றத்தை தான் சந்தேகப்படணும்.

இதெல்லாம் சரி பண்ணின பிறகும் 10 கிலோவோல்ட் ஈடாக்ஸ் அதிகமாவும் எக்ஸ்ஆர்டி கம்மியாவும் நின்னா, அப்போ ரெண்டுமே உண்மை சொல்லுதுனு வச்சுக்கலாம். ஈடாக்ஸ் மொத்த ஆண்டிமனியை எண்ணுது, எக்ஸ்ஆர்டி லாட்டிஸுக்குள்ள, அதாவது ஒழுங்கான கிரிஸ்டல் அடுக்குக்குள்ள உக்காந்த ஆண்டிமனியை மட்டும் காட்டுது. மிச்சம் எங்க? ஒண்ணு ஆக்சைடா கிரெயின் பவுண்டரில, இன்னொண்ணு அமார்ஃபஸா, அதாவது அணுக்கள் ஒழுங்கில்லாம. ஆண்டிமனி எலக்ட்ரோடெபாசிட் ஆகும்போது அமார்ஃபஸா படியறதுக்கு ரொம்ப ஆசைப்படும். 1850கள்லயே ஜார்ஜ் கோர்னு ஒரு இங்கிலாந்துக்காரர் குளோரைடு பாத்துல ஆண்டிமனி படிய வச்சு அதைக் கீறினப்போ சூடாகி புகை விட்டு வெடிச்சிருக்கு, எக்ஸ்ப்ளோசிவ் ஆண்டிமனினு பேரே வச்சுட்டாங்க. அமார்ஃபஸா இருந்தது ஒரே நொடில கிரிஸ்டலா மாறி உள்ள இருந்த எனர்ஜியை வெளிய விடுது, அவ்ளோதான். பயப்படாதீங்க, உங்க அரை மைக்ரான் பிலிம் வெடிக்காது. ஆனா 25லேர்ந்து 32 டிகிரி வரைக்கும் பேக்ரவுண்ட் மெதுவா உப்பியிருக்கானு பாருங்க, வெறும் கண்ணாடியும் அங்க உப்பும், அதனால வெறும் எஃப்டிஓ பேட்டர்னைக் கழிச்சுட்டுப் பாருங்க. ஆர்கான்லயோ வேக்யூம்லயோ 150, 200 டிகிரில கொஞ்ச நேரம் அனீல் பண்ணி திரும்ப எக்ஸ்ஆர்டி எடுத்தா, பீக் ஆண்டிமனி பக்கம் நகந்திருந்தா வெளிய நின்ன ஆண்டிமனி லாட்டிஸுக்குள்ள போயிருக்குனு அர்த்தம். காத்துல அனீல் பண்ணாதீங்க, பிஸ்மத் ஆக்சைடு தான் மிஞ்சும்.

அனீலிங்னு வந்ததால இதையும் சொல்லிடறேன். 1999ல சயன்ஸ் பத்திரிகைல வந்த வேலை ஒண்ணு இருக்கு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ்காரங்க பண்ணது, எலக்ட்ரோடெபாசிட் பண்ணின பிஸ்மத் பிலிமை உருகுநிலைக்கு கொஞ்சமே கீழ அனீல் பண்ணி சிங்கிள் கிரிஸ்டலாவே மாத்திட்டாங்க. 1லேர்ந்து 20 மைக்ரான் தடிமன், மேக்னெட்டோரெசிஸ்டன்ஸ், அதாவது காந்தப்புலத்துல ரெசிஸ்டன்ஸ் ஏறற அளவு, ரூம் டெம்பரேச்சர்ல 250 சதவீதம், 5 கெல்வின்ல 3,80,000 சதவீதம். பீக்கர்ல படிய வச்ச பிலிம்ல! எலக்ட்ரோடெபாசிஷன்னாலே மட்டமான பிலிம்னு யாராவது வைவால கேட்டா இதைச் சொல்லுங்க.

அடுத்து கருப்பு பவுடர். உங்க பொட்டென்ஷியல் என்னனு நீங்க சொல்லல, ஆனா கருப்பா வருதுன்னா ரொம்ப நெகட்டிவ்ல ஓட்டறீங்க. பிஸ்மத்தோட ஸ்டாண்டர்ட் பொட்டென்ஷியல் 0.31 வோல்ட் சுமார், ஆண்டிமனி 0.21, நடுவுல 0.1 வோல்ட் தான், அதனால ரெண்டும் சேந்து படியறது சுலபம். டார்ட்ரேட் ஆண்டிமனியைப் பிடிச்சு வச்சிருக்கறதால அது இன்னும் கொஞ்சம் நெகட்டிவ் போனா தான் வரும். பொட்டென்ஷியல் கம்மியா இருக்கும்போது பிஸ்மத் தான் முந்தும், ஆண்டிமனி பின்தங்கும். நெகட்டிவ் போகப் போக ரெண்டுமே டிஃப்யூஷன் லிமிட்டுக்கு வந்துடும், அங்க எலக்ட்ரோடு கிட்ட வர்ற அயான் எல்லாம் வந்த உடனே படிஞ்சுடும், அப்போ பிலிமோட விகிதம் பாத்தோட விகிதத்தையே சுமாரா காட்டும். காம்போசிஷன் கண்ட்ரோலுக்கு அது சௌகரியம், ஆனா அதே லிமிட்ல தான் மேற்பரப்பு கரடுமுரடாகி கிளை கிளையா வளந்து கருப்பாகும். அதையும் தாண்டினா ஹைட்ரஜன் வரும், நைட்ரேட்டும் ரெட்யூஸ் ஆகும், எலக்ட்ரோடு கிட்ட பிஹெச் ஏறி ஹைட்ராக்சைடு மாட்டிக்கும். லிமிட்டுக்கு கொஞ்சம் முன்னாடியே நில்லுங்க, காம்போசிஷனை பாத் விகிதத்துல சரிக்கட்டுங்க. முதல்ல ஒரு சைக்ளிக் வோல்டாமோகிராம் ஓட்டி, அதாவது பொட்டென்ஷியலை ஏத்தி இறக்கி, கரண்ட் எங்க தட்டையாகுதுனு பாத்துட்டு அப்புறம் பொட்டென்ஷியல் எடுங்க, வேற ஆள் பேப்பர்ல இருக்கற மைனஸ் வேல்யூவை அப்படியே எடுத்துப் போடாதீங்க, அவங்க ரெஃபரன்ஸ் கேலமல்லா இருக்கும், உங்களோடது சில்வர் சில்வர் குளோரைடா இருக்கும்.

தடிமனும் "நினைக்கறேன்"னு விடக் கூடாது. பிஸ்மத்துக்கு மூணு எலக்ட்ரான், டென்சிட்டி 9.78, கணக்கு போட்டா ஒரு சதுர சென்டிமீட்டர்ல ஒரு மைக்ரானுக்கு 1.35 கூலம்ப். 5 மில்லி ஆம்பியர்ல நாலரை நிமிஷம். இது எஃபிஷியன்சி நூறு சதவீதம்னு வச்சு, பிலிம் பொருபொருன்னு இல்லாம இருந்தா வர்ற தடிமன். பிஸ்மத் மேல ஹைட்ரஜன் லேசுல வராது, அதனால மிதமான பொட்டென்ஷியல்ல இந்தக் கணக்கு நல்லாவே ஒத்துப்போகும். உங்க கூலோமீட்டர் ரீடிங்கை இதோட ஒப்பிட்டு, ஒரு பிலிமை உடைச்சு குறுக்குவெட்டுல செம், அதாவது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் எடுத்துடுங்க.

வெள்ளைப் படிவுக்கு வரேன், நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே எழுதி வச்ச பிரச்சனை இது. பிஸ்மத் உப்பு ஆசிட்ல மட்டும் தான் அடங்கி இருக்கும், ஆசிட் குறைஞ்சா வெள்ளையா இறங்கிடும், குளோரைடு சேந்தா பிஸ்மத் ஆக்சிகுளோரைடா இன்னும் வேகமா இறங்கும். கடலூர் ஆகட்டும் பாண்டி ஆகட்டும் கடலோரத்துல போர் தண்ணி எப்படி இருக்கும்னு சொல்லணுமா, வாயில வச்சாலே உப்பு. பிலிமை பாத்துலேர்ந்து எடுத்த உடனே நேரா குழாய்ல காட்டினா, மேல ஒட்டியிருக்கற ஆசிட் கரைசல் ஒரே நொடில நீத்துப்போய் அந்த குளோரைடோட சேந்து ஓரத்துல வெள்ளையா நிக்கும். எக்ஸ்ஆர்டில 12 டிகிரில ஒரு பீக் இருக்கானு பாருங்க, 25.9, 32.5 பக்கமும் வரும், இருந்தா அது ஆக்சிகுளோரைடு தான். நிறைய பேர் ஸ்கேனையே 20 டிகிரிலேர்ந்து ஆரம்பிக்கறதால 12 டிகிரி பீக் கண்ணுலயே படாது, 10லேர்ந்து போடுங்க. சில்வர் சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸ்லேர்ந்து கசியற குளோரைடும் கூட்டுக் களவாணி தான், சால்ட் பிரிட்ஜோ டபுள் ஜங்ஷனோ போட்டுக்கோங்க.

சரியான முறை இது: முதல்ல டிஐ தண்ணில, அதாவது அயான் நீக்கின தண்ணில போட்ட நீர்த்த நைட்ரிக் ஆசிட்ல ஒரு முக்கு, அப்புறம் டிஐ தண்ணி, அப்புறம் ஆல்கஹால், நைட்ரஜன்லயோ பிளோயர்லயோ காய வைங்க. கூடவே பாத் போடற வரிசையும் முக்கியம். பிஸ்மத் நைட்ரேட்டை தண்ணில கொட்டிட்டு மேல ஆசிட் ஊத்தறவங்களை நிறைய பாத்திருக்கேன், பால் மாதிரி ஆயிடும், அப்புறம் கரையறதுக்குள்ள உயிர் போயிடும். ஆசிட்ல கரைச்சுட்டு அப்புறம் தண்ணி. ஆண்டிமனி ஆக்சைடை டார்டாரிக் ஆசிட் கரைசல்ல சூடு பண்ணி தனியா கரைச்சுட்டு கடைசில சேருங்க.

இன்னொரு விஷயம், யாரும் எழுதறதில்ல. கரண்ட்டை நிறுத்தின பிறகு பிலிம் பாத்துக்குள்ளயே நின்னா சும்மா நிக்காது. ஆண்டிமனி கம்மி நோபிள், அதாவது சுலபமா அயானா கரையும், பிஸ்மத் அதிகம் நோபிள், அதனால பாத்துல இருக்கற பிஸ்மத் அயான் பிலிம்ல இருக்கற ஆண்டிமனியைத் தள்ளிவிட்டு அந்த இடத்துல படியும். மேல் தோல் பிஸ்மத் பக்கம் சாஞ்சுடும். பொட்டென்ஷியோஸ்டாட் செல் ஆஃப் ஆகறதுக்கு முன்னாடியே பிலிமை வெளிய இழுத்துடுங்க. டெபாசிஷன் நடுவுல கரண்ட் கட்டாகி, யுபிஎஸ்ஸும் கைவிட்டு, திரும்ப வந்ததும் விட்ட இடத்துலேர்ந்து தொடர்ற ஆளா இருந்தா, அந்த பிலிமைத் தூக்கிப் போட்டுடுங்க, உள்ள ஒரு பிஸ்மத் அடுக்கு சாண்ட்விச்சா இருக்கும், பீக் ஏன் வால் நீட்டுதுனு நாள் பூரா மண்டையைப் பிச்சுக்கணும். பல்ஸ் டெபாசிஷன்ல ஆஃப் டைம் அதிகமானா ஆண்டிமனி குறையறதுக்கும் இது ஒரு காரணம்.

எங்க போய் எடுக்கறதுன்னா, காலாப்பட்டுல பாண்டிச்சேரி யுனிவர்சிட்டியோட சென்ட்ரல் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஃபெசிலிட்டி இருக்கு, சிதம்பரத்துல அண்ணாமலை யுனிவர்சிட்டியும் இருக்கு. எலக்ட்ரோகெமிஸ்ட்ரி சந்தேகம்னா காரைக்குடில சிக்ரிங்கற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1948ல நேரு அடிக்கல் நாட்டின இடம், அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் குடுத்து வந்தது, பிளேட்டிங்ல பழம் தின்னு கொட்டை போட்டவங்க அங்க இருக்காங்க, முன்கூட்டியே மெயில் போட்டுக் கேட்டுட்டு ஒரு நாள் போயிட்டு வாங்க. எங்க போனாலும் பிரிண்ட் மட்டும் வாங்கிட்டு வராதீங்க, ரா டேட்டா ஃபைலை பென்டிரைவ்ல வாங்குங்க, எஃப்டிஓ பீக்கை நகத்தறதுக்கு அது இல்லாம முடியாது.

பேப்பர்ல எந்த நம்பர் போடறதுன்னா, எஃப்டிஓ பீக் வச்சு சரி பண்ணின 110லேர்ந்து வர்ற ஆண்டிமனி அளவை "லாட்டிஸ்ல இருக்கறது"னும், 10 கிலோவோல்ட் ஈடாக்ஸையோ ஐசிபியையோ "மொத்தம்"னும் ரெண்டு காலமா போடுங்க. சாரும் ஒத்துப்பார், அவர் கேட்ட ஈடாக்ஸும் அதுல இருக்கு.

கடைசியா பாத் வேஸ்ட். சிங்க்ல ஊத்திடாதீங்க, அது எங்க சுத்தினாலும் கடைசில உப்பனாறு தான். சோடா போட்டு நியூட்ரலைஸ் பண்ணினா பிஸ்மத் இறங்கிடும், ஆனா டார்ட்ரேட் பிடிச்சிருக்கற ஆண்டிமனி முழுசா இறங்காது, தண்ணி தெளிவா இருக்கேனு ஏமாந்துடக் கூடாது, ஆண்டிமனி டார்ட்ரேட் உள்ள போனா வாந்தி, வயித்துப்போக்குனு ஆரம்பிச்சு நெஞ்சு வரைக்கும் படுத்தற விஷம். ஒரு பிளாஸ்டிக் கேன்ல லேபிள் ஒட்டி சேத்து வச்சு, டிபார்ட்மென்ட்ல ஹசார்டஸ் வேஸ்ட் எடுக்க வர்றவங்ககிட்ட குடுத்துடுங்க. லேபிள்ல ஆண்டிமனினு பெருசா எழுதுங்க, வெறும் "ஆசிட் வேஸ்ட்"னு எழுதாதீங்க.